மெயிலுக்கு அடியில் போடும் ரகசியக் குறிப்பு நம்மைக் காப்பாற்றுமா? கம்பெனி மெயில் பாலிசி எழுத உதவி வேணும்

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஹெச்ஆர், அட்மின் ரெண்டும் பார்க்கிறேன். கம்பெனிக்கு மெயில் பாலிசி எழுதித் தரச் சொல்லி முதலாளி சொல்லியிருக்கிறார். பேச்சு ஆரம்பித்ததே ஒரு ஜெர்மனி பையர் மெயிலில் இருந்துதான். அவங்க மெயிலுக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு டிஸ்க்ளைமர் இருக்கும். "நமக்கும் அதே மாதிரி வேணும், அவங்களதைவிடக் கெட்டியா இருக்கட்டும்" என்கிறார்.

நான் எழுதி வைத்திருப்பது: "இந்த மெயிலில் உள்ளவை ரகசியமானவை. உரியவர் தவிர வேறு யாரும் படிக்கவோ நகலெடுக்கவோ கூடாது. தவறி வந்திருந்தால் உடனே அழித்துவிட்டு எங்களுக்குத் தெரிவிக்கவும். மீறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்."

இது சட்டப்படி நிற்குமா? இதைத் தாண்டிப் பாலிசியில் என்னென்ன இருக்கணும்? மெர்ச்சன்டைசர்களுக்கு (பையர் ஆர்டரைக் கவனிக்கிறவங்க) கம்பெனி டொமைனில் மெயில் இருக்குது. ஷிப்பிங்கும் அக்கவுண்ட்ஸும் இன்னும் இலவச ஜிமெயிலில்தான் ஓடுது. ஷிப்பிங் ஐடி ஒண்ணை மூணு பேர் ஒரே பாஸ்வேர்டில் திறக்கிறாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஈரோடு வக்கீல்

கடைசி வரியை முதலில் எடுத்துவிடுங்கள். 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் இசைய வேண்டும். அப்போதுதான் கடமை பிறக்கும். கேட்காமல் இன்பாக்ஸில் வந்து விழுந்த மெயிலைத் திறந்தவர், அதன் அடியில் இருந்த நிபந்தனைக்கு இசைந்துவிட்டார் என்று நிறுவுவது மிகக் கடினம். முழுசும் படித்து முடித்த பிறகுதானே "படிக்காதே" என்ற வரி கண்ணில் படுகிறது.

அதற்காக அது சுத்தமாகப் பயனற்றது என்றும் சொல்லமாட்டேன். "இது ரகசியத் தகவல் என்று எனக்குத் தெரியாது" என்று பின்னால் ஒருவர் கைவிரிப்பதை அது கொஞ்சம் கஷ்டமாக்கும். ஆனால் இந்தப் பயனையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு) போகும் மெயிலுக்கும் அதே குறிப்பு, "நாளைக்கு ஆபீஸ் லீவு" மெயிலுக்கும் அதே குறிப்பு என்றால் எது ரகசியம் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போகிறது. உண்மையிலேயே ரகசியமான மெயிலில் மட்டும் சப்ஜெக்ட் வரியிலேயே "ரகசியம்" என்று போடுங்கள். அதற்கு மதிப்பு உண்டு.

ரகசியம் காக்கும் கடமை வருவது வேறு இடங்களில் இருந்து. ஒன்று, பையரோடும் சப்ளையரோடும் போட்டுக்கொள்ளும் ரகசிய ஒப்பந்தம். இரண்டு, ஊழியரின் நியமனக் கடிதம். மூன்று, சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவின்படி, ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும்போது கைக்கு வந்த ஒருவரின் தனிப்பட்ட தகவலை, நஷ்டம் உண்டாக்கும் நோக்கத்தோடு வெளியிட்டால் 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 132-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அந்தப் பாதுகாப்பு உறவில் இருந்து வருகிறது, மெயில் அடிக்குறிப்பில் இருந்து இல்லை.

அமெரிக்காவில் வரி ஆலோசகர்கள் எழுதும் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு நீளமான வரிக் குறிப்பு பல வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. 2014-ல் அங்குள்ள விதி மாறி, அது இனித் தேவையில்லை என்றே ஆயிற்று. வாலை வெட்டிய பிறகும் அவர்கள் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கரூர் கணக்கு

வக்கீல் சார் சொன்னது சட்டம். களத்தில் நடந்ததை நான் சொல்றேனுங்க. கம்பெனி பேர் வேண்டாம், எங்க ஊர் ஹோம் டெக்ஸ்டைல் யூனிட் ஒண்ணு.

ஐரோப்பாவில் பல வருஷப் பழக்கமான பையர். கொஞ்சம் அட்வான்ஸ், பாக்கிப் பணம் ஷிப்மென்ட் டாக்குமெண்ட் நகல் பார்த்ததும் டிடி (பேங்க் டு பேங்க் நேரடிப் பணம், டிமாண்ட் டிராஃப்ட் இல்லை). இந்த யூனிட்டோட மெயில் பெட்டிக்குள்ள யாரோ புகுந்து, சத்தமில்லாம உக்காந்து படிச்சுட்டே இருந்திருக்காங்க. எந்த கன்டெய்னர் எப்போ கப்பல் ஏறுது, பாக்கி எவ்வளவு, யார் யாருக்கு எப்படி எழுதுவாங்க, எல்லாம் அத்துபடி. பையர்கிட்ட இருந்து வர்ற மெயில் நேரா யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போற மாதிரி உள்ளயே ஒரு ரூல் போட்டு வெச்சுட்டாங்க. அப்புறம் கம்பெனி டொமைன் மாதிரியே இன்னொரு டொமைன் வாங்கியிருக்காங்க. பேர்ல இருக்கிற 'எம்' எழுத்துக்குப் பதிலா 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டி வெச்சா சின்ன எழுத்துல வித்தியாசமே தெரியாது.

அதுல இருந்து பையருக்கு ஒரு மெயில். "எங்க பேங்க் அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குது, இந்தத் தடவை பாக்கியை இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்க." கூடவே புரோஃபார்மா இன்வாய்ஸ். அதே லெட்டர்ஹெட், அதே சீல், அதே கையெழுத்து. பேங்க் பேரும் அக்கவுண்ட் நம்பரும் மட்டும் வேற, அதுவும் வேற நாட்டு பேங்க். நான் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேனுங்க. அடியில கம்பெனியோட ரகசியக் குறிப்பு, ஒரு கமா கூட மாறாம அப்படியே இருந்துச்சு. திருடன் அதையும் சேர்த்துத்தான் காப்பி அடிக்கிறான். கெட்டியா எழுதினா அவன் மெயிலும் கெட்டியாத் தெரியும், அவ்வளவுதான்.

பையர் பணத்தைப் போட்டுட்டார். சரக்கையும் டெலக்ஸ் ரிலீஸ்ல (ஒரிஜினல் கப்பல் ரசீது இல்லாமலே) எடுத்துட்டார். "இன்னும் பணம் வரலையே"ன்னு அக்கவுண்ட்ஸ் பொண்ணு போன் பண்ணிக் கேட்டப்பத்தான் விஷயமே தெரிஞ்சுது. "உங்க மெயிலைப் பார்த்துத்தான் போட்டேன்"ங்கிறார் அவர். "நாங்க அனுப்பவே இல்லை"ங்கிறாங்க இவங்க. பேங்க்ல ஷிப்பிங் பில் பணம் வராம ஓபனாவே நிக்குது, ஏற்றுமதிப் பணம் வந்துச்சான்னு ரிசர்வ் பேங்க் பார்க்கிற இடிபிஎம்எஸ்ல காட்டுது, பேங்க்காரங்க கடிதம் மேல கடிதம். பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வாங்கின பேங்க் கடன்) வட்டி ஒரு பக்கம் ஓடுது. பேசிப் பேசிக் கடைசியில ஆளுக்குப் பாதி நஷ்டம்னு முடிச்சாங்க. பழைய உறவு அப்புறம் பழைய மாதிரி இல்லை.

இது எங்க ஊர்ல மட்டும் நடக்கறதில்லை. அமெரிக்க எஃப்பிஐ-யோட இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2023-ல வந்த இந்த வகைப் புகார்கள்ல மட்டும் நஷ்டக் கணக்கு 290 கோடி டாலருக்கு மேல. அதனால பாலிசியோட முதல் வரி இதுவா இருக்கட்டுமுங்க: பேங்க் விவரம் மாறுதுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்லாம, முன்னாடியே நம்மகிட்ட இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணி, பழக்கமான குரலைக் கேட்காம ஒரு ரூபா நகரக் கூடாது. நூல் வாங்கற மில்லுக்கும் இதேதான், டையிங்குக்கும் இதேதான்.

பீளமேடு அட்மின்

கரூர் அண்ணா சொன்ன கேஸ்ல ரெண்டு தனித்தனி ஓட்டை இருக்குதுங்க. பிரிச்சுப் பார்க்கணும்.

முதல் ஓட்டை, பெட்டிக்குள்ள புகுந்தது. இதுக்கு மருந்து டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு. முதலாளி, அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், மெர்ச்சன்டைசர் யாருக்கும் விலக்குக் கிடையாது. மூணு பேர் ஒரே பாஸ்வேர்ட்ங்கிறது இன்னைக்கே நிக்கணும். ஷிப்பிங்னு ஒரு பொது முகவரி வேணும்னா குரூப் முகவரியா வைங்க, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஐடியில உள்ள வரட்டும். அப்பத்தான் யார் எப்போ எந்த ஊர்ல இருந்து உள்ள வந்தாங்கன்னு லாக் பேசும். வெளி முகவரிக்குத் தானா மெயில் ஃபார்வர்ட் ஆகறதை அட்மின் பக்கத்துல இருந்தே அடைச்சிருங்க. மாசம் ஒருக்கா அக்கவுண்ட்ஸ் பெட்டிகள்ல என்னென்ன ரூல் இருக்குதுன்னு ஒருத்தர் திறந்து பார்க்கட்டும்.

ரெண்டாவது, நம்ம பேரைப் போட்டு வெளியில இருந்து மெயில் அனுப்பறது. மெயில் அனுப்பற முறை 1982-ல வகுத்தப்போ அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கிற ஏற்பாடு அதுல இல்லை. யார் வேணும்னாலும் யார் பேரை வேணும்னாலும் போடலாம்னுதான் இருந்துச்சு. அதை அடைக்கத்தான் பின்னாடி மூணு வந்துச்சு. எங்க டொமைன் பேர்ல இந்தந்த சர்வர்தான் மெயில் அனுப்பும்னு டிஎன்எஸ்ல (டொமைனோட பொதுப் பதிவுல) எழுதி வைக்கிறது எஸ்பிஎஃப். மெயில் மேல டிஜிட்டல் கையொப்பம் போடறது டிகேஐஎம். இந்த ரெண்டுல ஒண்ணு கூட நம்ம டொமைனோட ஒத்துப் போகலைன்னா மெயிலை என்ன பண்ணணும்னு வாங்கறவங்களுக்குச் சொல்றது டிமார்க். 2024 பிப்ரவரியில இருந்து நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்ககிட்ட ஜிமெயில் இந்த மூணையும் கட்டாயமாக் கேட்குது, யாஹூவும் மொத்தமா அனுப்பறவங்ககிட்ட இதையே கேட்குது. நாம அவ்வளவு அனுப்பறதில்லைன்னாலும் போட்டு வைக்கறதுதான் நல்லது.

நம்ம பக்கம் பல கம்பெனியில டிமார்க் போட்டிருப்பாங்க, ஆனா "சும்மா கவனி, தடுக்காதே" நிலையிலேயே வருஷக்கணக்கா விட்டிருப்பாங்க. அது காவலே இல்லை. அதுக்காக எடுத்தவுடனே "ரிஜெக்ட்" போட்டாலும் ஆபத்து. இஆர்பி சாஃப்ட்வேர் ஒரு சர்வர்ல இருந்து இன்வாய்ஸ் அனுப்பும், பேரோல் வேற ஒண்ணுல இருந்து சம்பள ஸ்லிப் அனுப்பும், அதெல்லாம் நின்னுபோகும். முதல்ல கவனிக்கிற நிலையில வெச்சு, வர்ற ரிப்போர்ட்டைப் படிச்சு, நம்மளுதையெல்லாம் எஸ்பிஎஃப்லயும் டிகேஐஎம்லயும் சேர்த்துப்போட்டு, அப்புறம் ஸ்பேமுக்குத் தள்ளற நிலை, அதுக்கப்புறம் முழுத் தடுப்பு. இந்த வரிசையைத் தாண்டாதீங்க.

ஒண்ணு மட்டும் நினைவிருக்கட்டும். கரூர்ல நடந்த மாதிரி எழுத்து மாத்தின டொமைனை இந்த மூணும் தடுக்காது, ஏன்னா அது அவன் சொந்த டொமைன். அதுக்கு அண்ணா சொன்ன போன்தான் வழி. இலவச ஜிமெயில்ல ஓடற ஷிப்பிங்குக்கு இது எதுவுமே பொருந்தாது. நாளைக்கு யாரோ உங்க கம்பெனி பேரோட ஒரு எழுத்து கூட்டி ஐடி திறந்தா பையருக்கு எது அசல்னு எப்படித் தெரியும்? அதை முதல்ல டொமைனுக்கு மாத்துங்க.

அவிநாசி கம்ப்ளையன்ஸ்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்குங்க. டிஸ்க்ளைமர் வேண்டவே வேண்டாம் என்று முதலாளியிடம் போய் நின்றால் பாலிசியே தள்ளிப்போகும். பையர் ஆடிட்டுக்கு வரும்போது தகவல் பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு பகுதி வருகிறது. அங்கே மெயில் அடிக்குறிப்பைக் காட்டினால் டிக் விழுகிறது. ஜெர்மனிக்காரர்களே அவ்வளவு நீளமாகப் போடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

ஈரோடு வக்கீல்

காரணம் இருக்கிறது. அந்த ஜெர்மனி மெயிலை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். அதில் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று, கம்பெனியின் முழுப் பெயர், பதிவு அலுவலகம் உள்ள ஊர், பதிவு செய்த நீதிமன்றமும் பதிவு எண்ணும், நிர்வாக இயக்குநர்கள் பெயர். வணிகக் கடிதத்தில் இவை இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் வணிகச் சட்டம். 2007-லிருந்து அது மெயிலுக்கும் தெளிவாகப் பொருந்துகிறது. அது கட்டாயம். அதற்குக் கீழே உள்ள "அழித்துவிடுங்கள்" பகுதி பழக்கம். நம் ஆட்கள் கட்டாயத்தை விட்டுவிட்டுப் பழக்கத்தைக் காப்பி அடிக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 12(3). பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் (கம்பெனி அடையாள) எண், தொலைபேசி, மெயில், இணைய முகவரி ஆகியவை வணிகக் கடிதங்களில் இருக்க வேண்டும். மெயிலிலேயே எல்லாத் தொழிலும் நடக்கும் காலத்தில் அங்கேயும் போடுவதுதான் முறை. கூட்டாண்மை நிறுவனத்துக்கு சிஐஎன் கிடையாது.

ஆடிட்டில் டிக் விழுவதைப் பற்றி: டிக் விழட்டும், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நாமே நம்பிவிடக் கூடாது. ஆடிட்டருக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பட்டியலைக் காட்டினால் இன்னும் நல்ல டிக் விழும்.

இன்னொன்று. "இந்த மெயில் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது" என்றும் சிலர் போடுகிறார்கள். 2010-ல் டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாக்சைட் சப்ளைக்கு மெயிலில் பேசி முடித்ததே ஒப்பந்தம்தான், முறையான பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது என்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவும் அதே பக்கம் நிற்கிறது. உங்கள் மெர்ச்சன்டைசர் ராத்திரி "ஓகே, கன்ஃபர்ம்டு" என்று விலைக்கு ஒப்புக்கொண்டால், அடிக்குறிப்பைக் காட்டித் தப்பிப்பதை நம்பி இருக்காதீர்கள். யார் எந்த அளவு வரை விலை, டெலிவரி தேதி ஒப்புக்கொள்ளலாம் என்று பாலிசியில் எழுதுங்கள், பையருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அனுப்பர்பாளையம் மெர்ச்சன்

நான் பொழுதுக்கும் மெயிலிலேயே இருக்கிற ஆளுங்க. ஹேக்கரைப் பற்றி எல்லாரும் பேசிட்டீங்க. எங்க டேபிளில் தினம் இருக்கிற பயம் வேற. ஒரே ஆள் ரெண்டு பையரைப் பார்க்கிறோம், ரெண்டு பேரும் ஒரே கடைத்தெருவில் போட்டி பிராண்ட். முகவரிப் பெட்டியில் ரெண்டு எழுத்து அடிச்சதுமே பேர் தானா வந்து நிக்கும். ஒரே பேரில் ரெண்டு கம்பெனியிலும் ஆள் இருப்பாங்க. எங்க லைனில் இப்படி ஒருத்தருடைய காஸ்டிங் ஷீட் இன்னொருத்தருக்குப் போய், அந்த ஆர்டர் ஒரு சீசனோட நின்ன கதை உண்டு.

அப்புறம் எக்ஸெல். பையருக்கு அனுப்புகிற ஷீட்டில் மார்ஜின் நெடுவரிசையை மறைச்சு வைக்கிறாங்க. மறைச்ச நெடுவரிசை ரைட் கிளிக் பண்ணினா வெளியே வந்துடும். நூல் ரேட், நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டித் தைக்கிற கூலி), வேஸ்டேஜ், கடைசியில் நம்ம லாபம், எல்லாம் வரிசையாத் தெரியும். அதுக்கு அடியில் "ரகசியம்"னு எழுதி என்ன பிரயோஜனம்? வெளியே போறது பிடிஎஃப் மட்டும்னு பாலிசியில் போடுங்க. உள் காஸ்டிங் ஃபைல் கம்பெனி டிரைவில் இருக்கட்டும், மெயிலில் அட்டாச்மென்டாப் போகவே வேண்டாம்.

அனுப்பு அழுத்தினதும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற வசதியைப் போடுங்க. ஜிமெயிலில் 30 விநாடி வரை வைக்கலாம். அவுட்லுக்கில் ரூல் போட்டு நிமிஷக்கணக்கில் வைக்கலாம். தப்பு தெரியறது அழுத்தின அடுத்த நொடியில்தான், அதனால அந்த 30 விநாடி பெரிய விஷயம்.

இன்னொரு வேண்டுகோள், இது ஹெச்ஆர் கவனத்துக்கு. தப்பாப் போயிடுச்சுன்னு உடனே வந்து சொல்ற பொண்ணைத் திட்டாதீங்க. திட்டு விழும்னு தெரிஞ்சா அடுத்த ஆள் மூடி மறைச்சுடுவாங்க. உடனே சொன்னால்தான் போன் போட்டு அழிக்கச் சொல்ல முடியும், யாருடைய தகவல் போச்சோ அவங்ககிட்டயும் நாமே முதலில் சொல்ல முடியும். இதைப் பாலிசியிலேயே எழுதிக் கொடுங்க: அன்னைக்கே சொன்னவங்க மேல நடவடிக்கை கிடையாதுன்னு.

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மெர்ச்சன் அக்கா சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லாத பக்கம், அப்படியே சேர்க்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஊழியர் மெயிலைக் கம்பெனி படிக்கலாமா? லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல், ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி) அப்ரூவல் எல்லாம் இப்போ வாட்ஸ்அப்பில்தான் வருது. அதை எந்தப் பாலிசியில் அடக்குறது?

ஈரோடு வக்கீல்

முதல் கேள்வி. கம்பெனி கொடுத்த மெயில் பெட்டி கம்பெனிக்குச் சொந்தம், தேவைப்படும்போது பார்க்கப்படும் என்று சேரும் அன்றே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும் வணிக ரகசியத்தைக் காப்பதற்கும் ஊழியர் தகவலைக் கையாள இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் இடம் இருக்கிறது என்பதற்காக யார் வேண்டுமானாலும் யார் மெயிலையும் திறக்கலாம் என்று ஆகாது. யார் அனுமதியோடு, எதற்காக, யார் முன்னிலையில் என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் ஒருவர் பெண் ஊழியரின் பெட்டியைச் சும்மா திறந்து பார்க்கும் நிலை வரவே கூடாது.

வாட்ஸ்அப்: கம்பெனி சிம், கம்பெனி போன். வேலையை விட்டுப் போகும்போது போனும் நம்பரும் கம்பெனியிலேயே தங்க வேண்டும். அப்ரூவல் வாட்ஸ்அப்பில் வந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் "இன்ன ஷேடுக்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்ததை உறுதி செய்கிறோம்" என்று மெயிலில் ஒரு வரி பையருக்குப் போகட்டும்.

பீளமேடு அட்மின்

சம்பவம் நடந்துட்டா என்ன பண்ணணும்னு ஒரு பக்கம் தனியா எழுதி அக்கவுண்ட்ஸ் சுவத்துல ஒட்டுங்க. உள்நாட்டுப் பணம்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன், தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார், கூடவே நம்ம பேங்க். வெளிநாட்டுப் பணம்னா பையரோட பேங்க்தான் ஸ்விஃப்ட் வழியா ரீகால் போடணும், அதனால பையரை நடுராத்திரியானாலும் எழுப்புங்க. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி ஊடுருவலைக் கவனிச்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிவிக்கணும், லாக் 180 நாள் வெச்சிருக்கணும். மலிவு ஹோஸ்டிங்ல மெயில் ஓடினா லாக் சீக்கிரமே அழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு நாள் வைக்கிறாங்கன்னு இப்பவே கேட்டு வைங்க.

மெயிலைப் பிரிண்ட் எடுத்துட்டு ஒரிஜினலை அழிச்சுப்போடாதீங்க. ஹெடரோட (எந்த சர்வர் வழியா வந்துச்சுங்கிற மறைவான விவரத்தோட) அப்படியே சேமிங்க.

ஈரோடு வக்கீல்

ஆமாம். பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் (ஃபைலின் டிஜிட்டல் கைரேகை) கேட்கிறார்கள். ஒரிஜினல் கையில் இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது.

நொய்யல்கரை (திருப்பூர்)

முதலாளிகிட்ட பேசிட்டேனுங்க. கரூர் அண்ணா சொன்ன கேஸைச் சொன்னதும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். ஷிப்பிங், அக்கவுண்ட்ஸ் ரெண்டும் டொமைனுக்கு மாறுது. பழைய டிஸ்க்ளைமரை விட்டுட்டு அடிக்குறிப்பு இவ்வளவுதான்:

கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன், தொலைபேசி, இணைய முகவரி. அதுக்குக் கீழே: "எங்கள் வங்கி விவரங்களை மெயில் வழியாக மாற்றித் தெரிவிக்க மாட்டோம். அப்படி மெயில் வந்தால் பணம் அனுப்புவதற்கு முன் எங்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யவும். தவறி வந்த மெயிலைத் தயவுசெய்து எங்களுக்குத் தெரிவித்து நீக்கிவிடவும்."

கடைசி வரியில் மிரட்டல் இல்லை, வேண்டுகோள்தான். சரியா இருக்குதுங்களா?

கரூர் கணக்கு

நல்லா இருக்குதுங்க. ஒரே ஒரு திருத்தம். "தொலைபேசியில் அழைத்து"ங்கிற வரிக்கு மேலேயே நம்பர் இருக்குது பாருங்க. திருடன் அடிக்குறிப்பைக் காப்பி அடிக்கும்போது அந்த நம்பரை மட்டும் மாத்தி, தன் நம்பரைப் போட்டுடுவான். பையர் அவனுக்கே போன் பண்ணி உறுதி பண்ணுவார். அதனால "எங்கள் ஒப்பந்தத்தில் பதிவான எண்ணில் அழைத்து"ன்னு மாத்துங்க. கையெழுத்தான பர்ச்சேஸ் காண்ட்ராக்ட்ல ரெண்டு பேர் பேரும் நம்பரும் எழுதி வைங்க. ஒண்ணு முதலாளி, இன்னொண்ணு அக்கவுண்ட்ஸ். உள்நாட்டுல நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போடும்போது 2025 ஏப்ரல்ல இருந்து அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குதுன்னு காட்டுது, மில்லுக்கும் டையிங்குக்கும் போடறப்ப அதைப் பார்த்துப் போடச் சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து நமக்கு வர்ற டாலர் டிடிக்கு அந்த வசதியை நம்ப முடியாது, அங்க பையரோட போன் ஒண்ணுதான்.

நொய்யல்கரை (திருப்பூர்)

மாத்திட்டேனுங்ண்ணா. திங்கட்கிழமை ஓடிக்கிட்டிருக்கிற ஆர்டர் பையர்கள் எல்லாருக்கும் ரெண்டு நம்பரையும் போனில் சொல்லி, காண்ட்ராக்டில் இணைப்பாப் போட்டுக் கையெழுத்து வாங்கறோம்.